தீயில் அழியாத பாதரசம்: இலண்டன் எரியுலைகளும் தமிழ் வீடுகளின் கறுப்புப் பைகளும்

இல்ஃபோர்ட்டிலிருந்து வெம்பிளிக்கும் ஈஸ்ற்ஹாமிலிருந்து ஹரோவுக்கும் வாகனத்தில் செல்லும் தமிழ்க் குடும்பங்கள், ஏ406 வடக்கு வட்ட நெடுஞ்சாலையில் எட்மன்டன் பகுதியைக் கடக்கும்போது உயர்ந்தெழுந்து நிற்கும் ஒரு புகைபோக்கியைக் காண்கின்றன. திருமண மண்டபத்திற்கோ கோவில் திருவிழாவிற்கோ செல்லும் அவசரத்தில் அது என்னவென்று பிள்ளைகள் வினவினால், ஏதோ தொழிற்சாலை என்ற பதிலுடன் பேச்சு முடிந்துவிடுகின்றது. உண்மையில் அது அவ்வீடுகள் பலவற்றின் குப்பை சென்று சேரும் இடம். 1970களின் தொடக்கத்தில் பெரும் இலண்டன் மன்றத்தினால் அமைக்கப்பட்ட எட்மன்டன் எரியுலையில் பார்னெட், கம்டன், என்ஃபீல்ட், ஹக்னி, ஹரிங்கே, இஸ்லிங்டன், வோல்தம் ஃபொறஸ்ற் ஆகிய ஏழு உள்ளூராட்சி மன்றங்களின் கழிவு, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் தொன் என்ற அளவில் எரிக்கப்பட்டு வந்துள்ளது.

தென் இலண்டனில் குறொய்டன், மேர்ட்டன், சற்றன், கிங்ஸ்ரன் பகுதிகளின் கழிவுக்கென பெடிங்டனில் ஓர் எரியுலை 2019 இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. மிச்சம், கொலியர்ஸ் வூட் தமிழர்களின் கறுப்புப் பைகள் அங்கே செல்கின்றன. தேம்ஸ் நதியில் படகுகளில் ஏற்றப்படும் கழிவு பெல்வெடியரில் எரிகின்றது. டெப்ட்ஃபோர்ட் அருகே 1994 முதல் மற்றொன்று இயங்குகின்றது. ஹரோ, பிரென்ட், ஈலிங் மக்களின் கழிவு மட்டும் சற்று விசித்திரமான பயணம் மேற்கொள்கின்றது. தொடருந்தில் ஏற்றப்பட்டு, நூறு மைல் தாண்டி, பிரிஸ்ரல் அருகேயுள்ள செவர்ன்சைட் எரியுலைக்கு அது அனுப்பப்படுகின்றது. வெம்பிளியில் தூக்கியெறியப்படும் ஒரு பொருளின் புகை எவருடைய கூரைமேல் இறங்குகின்றது என்பதை வெம்பிளியில் வாழ்பவர் அறிவதில்லை.

இவ்வுலைகளிலிருந்து வெளியேறுபவை பல. நைதரசன் ஒக்சைட்டுகள், நுண்துகள்கள், டயொக்சின் என ஒவ்வொன்றைப் பற்றியும் தனியே எழுதலாம். ஆயினும் பாதரசம் ஒரு வகையில் ஏனையவற்றிலிருந்து வேறுபட்டது. டயொக்சினைப் போதிய வெப்பத்தில் சிதைக்கலாம். பாதரசம் ஒரு மூலகம் என்பதால் அதனை எந்தத் தீயும் சிதைக்காது. சட்டப்படி உலையினுள் வாயுக்கள் குறைந்தது 850 பாகை செல்சியசில் இரண்டு விநாடி இருத்தல் வேண்டும். பாதரசமோ 357 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடுகின்றது. ஆகவே குப்பைப் பைக்குள் சென்ற பாதரசம் அனைத்தும் ஏறத்தாழ முழுமையாக வாயுவுடன் கலந்து புகைபோக்கியை நோக்கிப் புறப்படுகின்றது.

தமிழருக்கு இது புதிய செய்தியாக இருக்க வேண்டியதில்லை. இரசம் தீயில் நில்லாது ஓடும் என்பதைச் சித்த மருத்துவ மரபு நன்கறிந்திருந்தது. சாதிலிங்கத்தைச் சூடாக்கி வாலையில் இரசம் இறக்கியவர்கள், அந்த ஓட்டத்தைத் தடுக்கும் வித்தையை இரசக்கட்டு என்றழைத்தனர். அதற்கு அவர்கள் கந்தகத்தைப் பயன்படுத்தினர். இன்றைய எரியுலைகளில் நடைபெறுவதும் ஒருவகை இரசக்கட்டே. மிக நுண்ணிய துளைகள் கொண்ட கிளர்வுற்ற கரித்தூள் புகைவாயுவினுள் தூவப்படுகின்றது. பாதரச ஆவி அக்கரித்தூளில் ஒட்டிக்கொள்ள, துணிப்பை வடிகட்டிகள் அத்தூளைப் பிடித்து வைக்கின்றன. குப்பையிலுள்ள குளோரினுடன் சேர்ந்து குளோரைட்டாக மாறிய பாதரசம் எளிதில் அகப்படும். தனி மூலகமாக உள்ள ஆவி எளிதில் அகப்படாது. அதனைப் பிடிப்பதற்குக் கந்தகம் ஏற்றிய கரித்தூளை இக்காலப் பொறியியலாளரும் நாடுகின்றனர் என்பது சுவையான ஒற்றுமை.

அவ்வாறு பிடிபட்ட பாதரசமும் அழிந்துவிடவில்லை. வடிகட்டியில் சேரும் சாம்பல் அபாயக் கழிவாக வகைப்படுத்தப்பட்டு, செஷயர் மாவட்டத்தின் வின்ஸ்ஃபோர்ட் உப்புச் சுரங்கம் போன்ற இடங்களில் வைக்கப்படுகின்றது. புகைபோக்கி வழியே போகாதது நிலத்தடிக்குப் போகின்றது. அவ்வளவே வேறுபாடு.

வடிகட்டிகள் வேலை செய்கின்றனவா என்பதை எவ்வாறு அறிவது? இங்கேதான் தமிழ்ப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய, ஆனால் பெரும்பாலும் எவரும் சொல்லாத விடயம் இருக்கின்றது. பிரித்தானிய எரியுலைகளில் தூசு, கந்தக ஈரொக்சைட்டு, நைதரசன் ஒக்சைட்டுகள், காபன் ஓரொக்சைட்டு, ஐதரசன் குளோரைட்டு என்பன இடைவிடாது அளக்கப்படுகின்றன. பாதரசம் அவ்வாறு அளக்கப்படுவது கட்டாயமாக இருக்கவில்லை. 2000 ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கழிவெரிப்புப் பணிப்புரையும் அதன் பின்வந்த 2010 ஆம் ஆண்டின் பணிப்புரையும் ஒரு கனமீற்றர் வாயுவிற்கு 0.05 மில்லிகிராம் என்ற எல்லையை விதித்தன. அந்த எல்லை பேணப்படுகின்றதா என்பதைப் பார்ப்பதற்கு ஆண்டுக்கு இரு தடவை, ஒவ்வொரு தடவையும் சில மணி நேரம் மாதிரி எடுத்தாலே போதுமென அவை ஏற்றுக்கொண்டன. ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு.

2019 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட புதிய தொழில்நுட்ப முடிவுகள் இந்த எல்லையை 0.02 மில்லிகிராமாகக் குறைத்தன. ஏற்கெனவே இயங்கிய உலைகளுக்கு 2023 டிசம்பர் வரை அவகாசம் கிடைத்தது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின்னரும் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகவரகம் அம்முடிவுகளின்படியே உரிமங்களை மீளாய்வு செய்தது. பாதரசத்தை இடைவிடாது அளக்க வேண்டும் என்பதும் அம்முடிவுகளில் உண்டு. ஆனால் கூடவே ஒரு வாசலும் திறந்து விடப்பட்டது. எரிக்கப்படும் கழிவிலுள்ள பாதரசம் குறைவாகவும் நிலையாகவும் இருப்பதாக இயக்குபவர் காட்டிவிட்டால், ஆறு மாதத்திற்கு ஒருமுறை அளக்கும் பழைய வழக்கமோ நீண்டநேர மாதிரி எடுப்போ போதும்.

குறைவு என்பதை ஏற்றுக்கொள்ளலாம். நிலையானது என்பது எவ்வாறு? இலட்சக்கணக்கான வீடுகளின் குப்பை நிலையானதாக இருக்க முடியுமா? பாதரசம் குப்பையில் உப்பைப்போல் சீராகக் கலந்து வருவதில்லை. தனித்தனிப் பொருளாக, எதிர்பாராத நாளில் வருகின்றது. சிறிய கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். பழைய கண்ணாடிக் காய்ச்சல்மானி ஒன்றில் ஏறத்தாழ 1 கிராம் பாதரசம் உண்டு. ஒரு தொன் குப்பையை எரித்தால் சுமார் ஐயாயிரம் முதல் ஆறாயிரம் கனமீற்றர் வாயு வெளிவரும். புதிய எல்லையின்படி பார்த்தால், ஒரே ஒரு காய்ச்சல்மானியின் பாதரசம் ஒன்பது தொன் குப்பையின் வாயுவிற்கு அனுமதிக்கப்பட்ட முழு அளவுக்குச் சமம். மருத்துவர்கள் முன்னர் பயன்படுத்திய, பாதரசத் தூண் கொண்ட இரத்த அழுத்தமானியில் 80 முதல் 100 கிராம் வரை உண்டு. அப்படிப்பட்ட ஒன்றிலுள்ள பாதரசம் எட்மன்டன் எரியுலை முழுவதும் அரைநாளில் எரிக்கும் குப்பையின் வாயுவிற்கு அனுமதிக்கப்பட்ட அளவை எட்டிவிடும்.

இது வடிகட்டிக்கு முந்திய கணக்கு. வழமையான நாட்களில் வடிகட்டி அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால் திடீரெனப் பெருமளவு பாதரசம் ஒரே உலைக்குள் வரும்போது, தூவப்படும் கரித்தூளின் அளவு போதாமற் போகலாம். வடிகட்டியில் மிகையாகச் சேர்ந்த பாதரசம் பின்னர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறவும் கூடும். இடைவிடாது அளக்கும் கருவி இருந்தால் அந்நேரமே கரித்தூளைக் கூட்டலாம். கருவி இல்லையேல் அப்படியொன்று நடந்தது என்பதே தெரியாது. ஜேர்மனியில் எரியுலைப் புகைபோக்கிகளில் பாதரசம் நெடுங்காலமாகவே இடைவிடாது அளக்கப்பட்டு வருகின்றது. டோர்ட்முண்டில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்குத் தேவையெனக் கருதப்பட்ட ஒரு கருவி எட்மன்டனில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் தேவையற்றது என்பதற்கு ஏற்கத்தக்க விடை எதுவும் இல்லை.

இனி, குப்பைப் பையின் பக்கம் திரும்புவோர் சில அசௌகரியமான உண்மைகளைக் காண நேரிடும். பாதரசக் காய்ச்சல்மானிகளைப் பொதுமக்களுக்கு விற்பது 2009 ஏப்ரல் முதல் பிரித்தானியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்தவை பல வீடுகளில் இழுப்பறைகளுக்குள் இன்னும் கிடக்கின்றன. தாத்தாவின் இரத்த அழுத்தமானி அவர் மறைவின் பின் எவரும் தொடாத பெட்டிக்குள் இருக்கின்றது. பூசையறையில் பாதரச இலிங்கமும் கழுத்தில் இரசமணியும் உள்ள வீடுகள் உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்துகள் சிலவற்றில் செந்தூரமாகப் பாதரசம் சேர்ந்திருக்கும். குழல்விளக்குகளிலும் சுருள்வடிவ மின்குமிழ்களிலும் மில்லிகிராம் கணக்கில் உண்டு. இவற்றில் எதுவும் கெட்ட எண்ணத்துடன் வைக்கப்பட்டதன்று. வீடு மாறும் நாளில் எல்லாம் ஒரே கறுப்புப் பைக்குள் போய்விடுகின்றன என்பதே சிக்கல்.

இளையோர் குறிப்பாக அறிய வேண்டியது தோலை வெளுக்கச் செய்வதாகக் கூறி விற்கப்படும் களிம்புகளைப் பற்றியதாகும். பாதரசம் சேர்ந்த அழகுசாதனங்கள் பிரித்தானியாவில் சட்டவிரோதமானவை. அவ்வாறிருந்தும் இலண்டன் கடைகளில் அவை மீண்டும் மீண்டும் கைப்பற்றப்பட்டு, வழக்குகளும் தொடரப்பட்டுள்ளன. உலகின் பல நாடுகளில் சோதிக்கப்பட்ட களிம்புகள் சிலவற்றில் எடையில் ஒரு வீதத்திற்கும் மேலாகப் பாதரசம் இருந்தமை கண்டறியப்பட்டது. அத்தகைய 50 கிராம் குப்பியொன்றில் அரைக் கிராம் பாதரசம் இருக்கும். அது முதலில் ஓர் இளம்பெண்ணின் தோல்வழியே சிறுநீரகத்தைச் சென்றடைகின்றது. மிஞ்சியது குப்பைப் பைவழியே எரியுலையைச் சென்றடைகின்றது. கறுப்பு நிறத்தை இழிவாகக் கருதும் பழக்கத்துக்குச் சமூகம் கொடுக்கும் விலைகளில் இதுவும் ஒன்று.

புகைபோக்கியிலிருந்து தப்பும் ஆவியை மூச்சில் இழுப்பதால் அயலவர் உடனே நோயுறுவர் என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். பாதரசத்தின் தீங்கு சுற்றுவழியில் வருகின்றது. மூலக வடிவ ஆவி மாதக்கணக்கில் காற்றில் மிதந்து கண்டங்களைக் கடந்து, மழையுடனோ தூசுடனோ நீர்நிலைகளில் இறங்குகின்றது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறிய மீனைப் பெரிய மீன் உண்ண உண்ண அதன் செறிவு பன்மடங்காகப் பெருகுகின்றது. ஜப்பானின் மினமாட்டா ஊரில் சிசோ நிறுவனம் கடலில் கலந்த கழிவினால் ஏற்பட்ட கொடிய நரம்பு நோய் 1956 இல் அடையாளம் காணப்பட்டது. தாய்க்கு வெளிப்படையான நோய்க்குறி அதிகம் இல்லாதபோதும் கருவிலிருந்த குழந்தை பாதிக்கப்படலாம் என்பதை உலகிற்கு உணர்த்தியது அந்த ஊரே.

கர்ப்பிணிகளும் கருத்தரிக்க எண்ணுவோரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் எனப் பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை அறிவுறுத்துவதன் காரணம் இதுவே. பாலூட்டும் தாய்மார் உட்பட ஏனைய பெரியோருக்கும் வாரத்தில் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம் என்கிறது அது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவென்று சுறாப்புட்டும் சுறாக்கறியும் கொடுக்கும் யாழ்ப்பாணத்துப் பாட்டிமாருக்கு இதனை விளங்கப்படுத்துவது இலகுவன்று. பாட்டியின் அறிவில் பிழையில்லை. அவர் காலத்துக் கடலில் இவ்வளவு பாதரசம் இருக்கவில்லை.

எதிர்வாதங்களையும் நேர்மையாக நோக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 2015 இல் மனித நடவடிக்கைகளால் காற்றில் கலந்த பாதரசம் ஏறத்தாழ 2,220 தொன். அதில் 38 வீதம் சிறு அளவிலான தங்க அகழ்விலிருந்து வந்தது. ஐந்தில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. நவீன எரியுலைகளின் பங்கு மிகச் சிறியதே. பிரித்தானியாவின் வெளியேற்றம் 1990 இலிருந்து பெருமளவு குறைந்துவிட்டதும் உண்மை. எரியுலைகளின் வெளியேற்றத்துக்கும் சிசு மரணத்துக்கும் தொடர்பு இருப்பதற்கான சான்று கிடைக்கவில்லை என 2019 இல் வெளிவந்த இம்பீரியல் கல்லூரி ஆய்வு கூறியது. எரியுலை வேண்டாமென்றால் குப்பையைப் புதைக்க வேண்டும், புதைகுழியில் மெதேன் உண்டாகும் என்ற வாதத்திலும் பொருள் உண்டு.

ஆனால் இவை எவையும் பாதரசத்தை அளக்காமல் விடுவதற்குக் காரணமாகா. வெளியேற்றம் மிகக் குறைவு என்பது உண்மையாயின், இடைவிடாது அளந்து அதனை நாள்தோறும் காட்டுவதில் இயக்குபவருக்கு நட்டமில்லை. ஆண்டில் சில மணி நேரம் எடுத்த மாதிரியைக் கொண்டு எஞ்சிய நேரத்திற்கும் உறுதி கூறுவதே நம்பிக்கையைக் கெடுக்கின்றது.

பாதரசம் தொடர்பான நம்பிக்கைக் கேடு தமிழ் மண்ணுக்கு நன்கு பழக்கமானது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து வோட்டர்டவுனிலிருந்து கழற்றி எடுக்கப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையொன்று 1983 இல் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. அது பின்னர் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. அங்கு செய்யப்பட்டவை ஏற்றுமதிக்கானவை. 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊரின் பழைய இரும்புக் கடையொன்றில் குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொணர்ந்த பின்பே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003 இல் ஏறத்தாழ 290 தொன் பாதரசக் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது. 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு எட்டப்பட 2016 மார்ச் ஆயிற்று. தாய் நிறுவனமான யூனிலீவரின் தலைமையகம் இலண்டனில், பிளக்ஃபிரையர்ஸ் பாலத்தடியில், தேம்ஸ் கரையில் உள்ளது. கழிவைக் கண்டுபிடித்தது அங்குள்ள அதிகாரிகள் அல்லர். சென்னை அதிகாரிகளும் அல்லர். கண்ணால் கண்டதைக் கேள்வியாகக் கேட்ட ஊர்மக்களே.

இலண்டனில் அவ்வாறு கேட்டவர்கள் உண்டு. 2000 ஆம் ஆண்டில் கிரீன்பீஸ் தொண்டர்கள் எட்மன்டன் புகைபோக்கியின் உச்சியிலேறி எரியுலையை நாட்கணக்கில் நிறுத்தினர். அதற்குப் பதிலாக ஆண்டுக்கு 7 இலட்சம் தொன் எரிக்கக்கூடிய புதிய உலைக்கு 2017 பெப்ரவரியில் அரச ஒப்புதல் கிடைத்து, 2022 ஜனவரியில் அக்சியோனா நிறுவனத்துடன் ஒப்பந்தமும் கைச்சாத்தாயிற்று. அதற்கு முந்திய மாதங்களில் அயல்மக்களும் மருத்துவர்களும் பாடசாலை மாணவரும் வீதியில் நின்று எதிர்த்தனர். ஊரின் துயரங்களுக்காக வெஸ்ற்மின்ஸ்ரர் வாசலில் பல்லாயிரமாய்த் திரளத் தெரிந்த சமூகம், தன் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்றைப் பற்றிய கூட்டங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே காணப்படுகின்றது. ஆங்கிலம் தெரியாமை பெற்றோருக்குக் காரணமாகலாம். இங்கே பிறந்து, இரசாயனவியலும் சட்டமும் பயிலும் பிள்ளைகளுக்கு அக்காரணம் பொருந்தாது.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல. ஒவ்வோர் எரியுலையின் உரிமமும் ஆண்டறிக்கையும் பொதுமக்கள் பார்வைக்குரியவை. உரிமத்தில் பெரிய மாற்றம் செய்யும்போது சுற்றுச்சூழல் முகவரகம் மக்களின் கருத்தைக் கோருகின்றது. தமிழ்ப் பள்ளிகளும் ஊர்ச் சங்கங்களும் கோவில்களும் தத்தம் பகுதிக் கழிவு எந்த உலைக்குச் செல்கின்றது என்பதை அறிந்து, அங்கே பாதரசம் இடைவிடாது அளக்கப்படுகின்றதா, இல்லையேல் குறைவும் நிலையும் எந்த அளவீட்டைக் கொண்டு நிரூபிக்கப்பட்டன என்று எழுத்தில் கேட்கலாம். உள்ளூராட்சி மன்ற உறுப்பினர் தமிழராக இருக்கும் இடங்களில் அக்கேள்வியை மன்றத்திலேயே எழுப்பச் செய்யலாம். வீட்டில் கிடக்கும் பாதரசப் பொருட்களைத் தனியே எடுத்து மூடிய கொள்கலத்தில் வைத்து, மன்றத்தின் அபாயக் கழிவுச் சேவையிடம் ஒப்படைக்கலாம். குழல்விளக்குகளை மன்றங்களின் மீள்சுழற்சி நிலையங்கள் ஏற்கின்றன. காய்ச்சல்மானி உடைந்தால் தூசுறிஞ்சியைப் பயன்படுத்தலாகாது. அது ஆவியை அறை முழுவதும் பரப்பும். யன்னலைத் திறந்து, மணிகளைக் கடதாசி அட்டையால் திரட்டி, போத்தலில் அடைத்தல் வேண்டும்.

2013 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரச வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய ஐந்து வகை மூலங்களில் ஒன்றாகக் கழிவெரிப்பு உலைகளைப் பட்டியலிட்டுள்ளது. இலங்கை 2017 இலும் பிரித்தானியாவும் இந்தியாவும் 2018 இலும் அதனை உறுதிப்படுத்தின. மீதொட்டமுல்லைக் குப்பைமலை 2017 ஏப்ரலில் சரிந்து உயிர்களைப் பலிகொண்டதன் பின், கொழும்பின் குப்பையை எரித்து மின்சாரம் பெறும் நிலையம் 2021 இல் கெரவலப்பிட்டியில் திறக்கப்பட்டது. சென்னையில் கொடுங்கையூரில் திட்டமிடப்பட்ட எரியுலைக்கு எதிராக வடசென்னை மக்கள் 2025 இல் மனிதச் சங்கிலியாக நின்றனர். இத்தகைய திட்டங்களுக்கு ஐரோப்பிய நகரங்களின் எரியுலைகளை முன்னுதாரணமாகக் காட்டுவது அதிகாரிகளின் வழக்கம். எட்மன்டனிலும் பெடிங்டனிலும் பாதரசம் எவ்வாறு அளக்கப்படுகின்றது என்ற விபரத்தைத் தமிழில் எழுதி அம்மக்களுக்கு அனுப்பிவைக்கக் கூடியவர்கள் இலண்டனில் வாழும் தமிழ் இளையோரே.